ஓட்டையை அடைக்க வந்தவன்

"பாய், ஓட்டை உங்க ஆன்டிவைரஸ்லயேதான் இருக்கு. அது வழியா வெள்ளிக்கு வெள்ளி யாரோ உள்ள வந்து போறாங்க."

கம்ப்யூட்டர் பழுது பார்க்க வந்த பிரபு சொன்னதும், கூத்தாநல்லூர் அரிசிக்கடை மீரா உசேன் எகிறினார்.

"காவலுக்கு வச்சதே கதவைத் திறந்து விட்டுச்சா? நல்ல காவல் போ! என்னத்தைத் திருடினான்?"

"எதையும் திருடலை. பழைய போட்டோக்களைப் பார்க்கிறான். வாரத்துக்கு ஒரு படத்தோட பேரை மாத்திட்டுப் போறான்."

"கம்ப்யூட்டர்ல ஏதோ தானா மாறுதேன்னு பயந்துபோய்த்தான் உங்களைக் கூப்பிட்டேன் தம்பி. என்னன்னு மாத்தியிருக்கான், காட்டுங்க," என்றாள் அவர் மனைவி லத்தீஃபா.

கடற்கரைப் படம் ஒன்று விரிந்தது. மீரா உசேன் தோளில் ஐந்து வயது மகன். 'நாகப்பட்டினம்' என்றிருந்த பெயர் இப்போது, 'தரங்கம்பாடி. அத்தா செருப்பை அலை கொண்டுபோன நாள்.'

அடுத்த படத்தில் அதே பையன், புது சைக்கிளோடு. 'திருவாரூரில் வாங்கியது' என்பது, 'மன்னார்குடி. அத்தா பின்னாலேயே ஓடி வந்தார்' என்று மாறியிருந்தது.

லத்தீஃபாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "ஏங்க, நம்ம இர்பான்ங்க! பெருநாளும் அதுவுமா வெறுங்காலோட பஸ் ஏறினீங்களே, அது வேற யாருக்குத் தெரியும்?"

சொல்லாமல் நிக்காஹ் முடித்த மகனை, "இனி என் வாசப்படியை மிதிக்காதே" என்று அவர் விரட்டி ஏழு வருடம். அவனும் மிதிக்கவில்லை. சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. ஒரு போன்கூடக் கிடையாது. அப்பனுக்கேற்ற பிள்ளை, பிடிவாதத்தில்.

"வாசல்ல வராதேன்னா சந்து வழியா நுழைவானோ? அடைச்சு விடுப்பா முதல்ல!"

"வேணாங்க! பிள்ளை இந்த வீட்டுக்குள்ள வர்றதுக்கு இருக்கறதே இது ஒண்ணுதான்."

"அடைன்னா அடை!"

"அப்டேட் போட்டா அஞ்சு நிமிஷத்துல அடைஞ்சிரும்," என்று பிரபு கீபோர்டை இழுத்தான். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே டீ போட எழுந்து போனாள் லத்தீஃபா.

அவள் அந்தப் பக்கம் போனதுதான் தாமதம், மீரா உசேன் பிரபுவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அடைச்சிராதேப்பா. அது தரங்கம்பாடின்னு எனக்குத் தெரியாதா? அவன் வந்து திருத்தட்டும்னுதானே வாராவாரம் ஒரு படத்துக்குத் தப்பா பேரு எழுதி வைக்கிறேன்!"