ரிப்பன் கட்டிய பாதை

பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில், இடப்பக்கத்துப் பாதையின் குறுக்கே சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. சின்னவள் கொஞ்சமும் யோசிக்காமல் வலப்பக்கம் திரும்பினாள்.

ஒரு கையில் வெள்ளை பெயின்ட் டப்பா, இன்னொரு கையில் பிரஷ், வாயில் ஏதோ ஒரு பாட்டு. விடிந்ததும் விடியாததுமாக அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

இருக்காதா பின்னே? மாதக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்த அக்கா, போன வாரம் தானே வீடு தேடி வந்து, கையைப் பிடித்துக்கொண்டு, நீ சொல்கிறபடியே செய்வோம் என்று சொல்லிவிட்டாளே!

ஒரு காலத்தில் புல்கூட முளைக்காத சரிவு அது. அப்பா கன்றுகளை நட, அக்காவும் தங்கையும் இடுப்பொடியத் தண்ணீர் சுமந்து வளர்த்த காடு. அப்பா போனபின் இருவர் பேருக்கும் பொதுவாக வந்தது.

மொத்தத்தையும் ஒரே மூச்சில் வெட்டிவிட்டு நிலத்தை விற்றுவிடலாம் என்று அக்கா வீட்டுக்காரர் ஒற்றைக்காலில் நின்றார்.

சின்னவளா விடுவாள்? நோஞ்சான் மரங்களை மட்டும் எடுப்போம், மற்றதெல்லாம் வெளிச்சம் கண்டு பெருக்கட்டும், எடுத்த இடத்தில் புதுக் கன்று வைப்போம், காடும் இருக்கும் வருமானமும் வரும் என்று அவள் பிடித்த பிடியை விடவில்லை. அவள் கையெழுத்து இல்லாமல் யாரும் எதையும் விற்க முடியாது. அவளுக்கோ புருஷன், பிள்ளை குட்டி என்று யாரும் கிடையாது. காட்டைக் கட்டிக்கொண்டவள் என்று ஊரே கேலி செய்யும்.

இப்போது அவள் சொன்னபடிதான் வேலை நடக்கிறது. நேற்று சாயங்காலம் மட்டும் ஒரு சின்னச் சிக்கல். மரம் வெட்டும் மேஸ்திரி இரண்டு வீட்டுக்கும் போன் போட்டுச் சொல்லியிருந்தார்.

“வெட்டின மரம் ஒண்ணு கீழ விழாம பக்கத்து மரத்துல மாட்டிக்கிச்சும்மா, எப்ப வேணா வந்துரும். நாளைக்கு டிராக்டர் வச்சு இழுத்துடுறோம். பாதையில ரிப்பன் கட்டியிருக்கோம், அந்தப் பக்கம் மட்டும் போயிடாதீங்க.”

அதற்குப் பிறகு அக்காவே வந்து, விடிந்ததும் போய் அடுத்து வெட்ட வேண்டிய மரங்களுக்குக் குறி வைத்துவிட்டு வா, வந்ததும் எங்கள் வீட்டிலேயே சாப்பிடலாம் என்றாள். எத்தனை நாளாயிற்று அக்கா கையால் சாப்பிட்டு!

ராத்திரி பெய்த மழையில் காடு ஊறிக் கிடந்தது. ஒரு குருவிச் சத்தம்கூட இல்லை. வழக்கமாக இந்நேரத்துக்குக் காதைப் பிய்த்து எடுத்துவிடும்.

ஒல்லி மரம் ஒன்றின் முன் நின்று, பிரஷ்ஷை நனைத்து ஒரு கோடு இழுத்தாள். ஈரப் பெயின்ட்டின் மேல் பொடிப் பொடியாக மரப்பட்டை வந்து ஒட்டியது.

தலைக்கு மேலே ஏதோ கிரீச்சிட்டது.

நிமிர்ந்து பார்த்தாள். முழு மரம் ஒன்று இலையும் கிளையுமாகச் சாய்ந்து, அவளுக்கு நேர் மேலே, ஒரே ஒரு கவட்டையில் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் அடி அந்தப் பக்கத்துப் புதருக்குள் இருந்ததால், வரும்போது கண்ணில் படவில்லை.

டப்பாவை வீசிவிட்டு வந்த வழியே ஓடினாள்.

பின்னால் மரம் விழுந்த விழுகையில் தரையே அதிர்ந்தது. அந்தச் சத்தம் வீடு வரைக்கும் கேட்டிருக்கும்.

பாதை பிரியும் இடத்துக்கு வந்துதான் உட்கார்ந்தாள். மேஸ்திரியை வாயில் வந்தபடி திட்டினாள். வழி மாற்றியா ரிப்பன் கட்டுவான் ஒரு மனுஷன்? கண் எங்கே போயிற்று?

அப்போதுதான் வலப்பக்கத்துப் பாதையோரம் இருந்த மரத்தைக் கவனித்தாள். அதிலும் ஒரு சிவப்பு முடிச்சு. முடிச்சை ஒட்டி ரிப்பனைக் கத்தரித்திருந்தது. எதிர்ப்பக்கத்து மரத்திலும் அதே மாதிரி.

மேஸ்திரி சரியாகத்தான் கட்டியிருக்கிறார். பிறகு யாரோ வந்து, அறுத்தெடுத்து, அடுத்த பாதையில் கட்டியிருக்கிறார்கள்.

எந்தப் படுபாவி பார்த்த வேலை? விளையாடுவதற்கு வேறு இடமா கிடைக்கவில்லை?

திடீரென்று அவளுக்குப் பகீரென்றது. அக்கா! இந்தச் சத்தத்தைக் கேட்டு அடித்துப் பிடித்துக்கொண்டு இங்கேதான் ஓடி வருவாள். ஒடிந்த கிளைகள் இன்னும் மேலே தொங்குகின்றன. அவள் பாட்டுக்குத் தங்கையைத் தேடிக்கொண்டு அதற்கு அடியில் போய் நின்றுவிட்டால்?

அவசர அவசரமாகப் போனை எடுத்தாள். அவள் அழைப்பதற்குள் அதுவே அடித்தது.

அக்காதான். நூறு ஆயுசு அவளுக்கு! பாவம், எப்படிப் பதறிப்போயிருக்கிறாளோ. சின்னவளுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. பெற்றவள் இல்லாத குறையே தெரியாமல் வளர்த்தவள் ஆயிற்றே.

பச்சைப் பொத்தானை அழுத்திக் காதில் வைத்தாள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை அக்கா என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

அந்தப் பக்கம் அக்கா இவளிடம் பேசவில்லை. போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாகச் சொன்னாள்.

“என்னங்க… அவ போனை எடுத்துட்டா.”