எட்டிப் பார்க்கிறவள்

மாகிரட் டீச்சர் படத்தை டொக்டரிடம் நீட்டினாள். ஆனால் பிடியை விடவில்லை.

மேலே ஒரு மடிப்பு, கீழே ஒரு மடிப்பு. வெளியே தெரிந்தது மூக்குக்குக் கீழே, நாடிக்கு மேலே, அவ்வளவுதான்.

டொக்டர் பஸ்லானுக்குச் சொந்த ஊர் கிண்ணியா. துறைமுகத்துக்குப் போகிற ஒழுங்கையில் இருக்கும் இந்தச் சின்னப் பல் கிளினிக்குக்குச் சனிக்கிழமைகளில் மட்டும் வருகிறவர். அவர் படத்தை விரிக்கப் போனார்.

"வாய் மட்டும் போதும் எண்டனீங்கள்தானே, டொக்டர்" என்றாள். இடது கை வழக்கம்போல உதட்டை மறைத்திருந்தது.

அவர் கையை எடுத்துக்கொண்டார்.

ஒன்றரை வருடத்துக்கு முன், மீன் சந்தைப் படியில் வழுக்கி விழுந்ததில் முன்பல் இரண்டு போயின. பாரைக்குட்டி வாங்கப் போனவள் பல்லைக் கொடுத்துவிட்டு வந்தாள். ஆஸ்பத்திரியில் செய்து கொடுத்த கட்டுப்பல், பாலர் வகுப்பில் பாட்டுச் சொல்லிக் கொடுக்கும்போது கழன்று மேசையில் விழுந்தது. பிள்ளைகளுக்கு அது நல்ல வித்தையாகப் பட்டது. இன்னொருக்கால் செய்து காட்டச் சொன்னார்கள். அன்றையிலிருந்து அது ஒரு பிஸ்கட் தகரத்துக்குள் கிடக்கிறது.

பிறகு, மீன் விலை கேட்டுப் பழகிய வாயால் பல் விலை கேட்கத் தொடங்கினாள். கழற்றத் தேவையில்லாத, எலும்பில் பூட்டுகிற பல். கொழும்பில் ஒன்றுக்குச் சொன்ன விலைக்குக் கன்றோடு கறவை மாடு வாங்கலாம். மட்டக்களப்பில் கொஞ்சம் குறைவு, ஆனால் ஏழு தரம் போய்வர வேண்டும். கடைசியில் பக்கத்து வீட்டு நஜ்முன் நிஸாதான் இந்த இடத்தைச் சொன்னாள். அவளுடைய மச்சான் இங்கே பூட்டிய பல்லால் நண்டுக்கால் உடைக்கிறாராம். மாகிரட்டுக்கு அதைவிடப் பெரிய அத்தாட்சி தேவைப்படவில்லை. விலையும் கொழும்பில் பாதி.

பல்முரசுக்குள் ஆணி இறக்கி நான்கு மாதம். எலும்பு நன்றாகப் பிடித்துவிட்டது. இனிப் பல்லைச் செய்து மேலே பூட்டுவதுதான் மிச்சம். வாயில் எடுத்த அச்சு இன்றைக்குக் கண்டிக்கு, பல் செய்கிற இடத்துக்குப் போகிறது.

பழைய பல் மாதிரியே வேண்டுமென்றால் வாய் திறந்து சிரித்த படம் ஒன்று வேண்டும் என்று போன சனிக்கிழமை டொக்டர் சொல்லியிருந்தார். படம் இல்லாவிட்டாலும் பாதகமில்லை, நேராக, வடிவாக இரண்டு பல் செய்வார்கள்.

மாகிரட்டுக்கு வடிவான பல் வேண்டாம்.

போனதில் ஒன்று, கொஞ்சம் சாய்ந்து பக்கத்துப் பல்லின்மேல் ஏறி நின்ற பல். 'எட்டிப் பார்க்கிறவள்' என்று கணவர் பேணாட் அதற்குப் பேர் வைத்திருந்தார். மனைவி முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தால், அவள் எட்டிப் பார்க்கிறாளா என்று குனிந்து பார்ப்பார். அதோடு கோபம் போய்விடும். ஐம்பத்தேழு வருடத்தில் மாகிரட்டிடம் ஒருவர் வடிவென்று சொன்னது அந்த ஒன்றைத்தான். அது இல்லாமல் கண்ணாடியில் தெரிகிற மனுஷியை அவளுக்குப் பிடிக்கவேயில்லை.

ஒரு கிழமையாக அலுமாரியைக் கிண்டினாள்.

சின்ன வயதில் கோயிலில் எடுத்த முதல் நன்மைப் படத்தில் கையும் கூப்பி, வாயும் பூட்டு. கலியாண அல்பத்தில் அதைவிட இறுக்கம். பொம்பிளை பல்லுக் காட்டினால் சனம் கதைக்கும் என்று பெரியம்மா காதுக்குள் சொன்னதை அத்தனை படத்திலும் கடைப்பிடித்திருந்தாள். அடையாள அட்டையில் சிரிக்கவே கூடாது. மகள் சுலக்ஷனாவின் ஞானஸ்நானம், பாலர் விழாக்கள், போனில் எடுத்தவை, எதிலும் உதடு திறக்கவில்லை. கமராவைக் கண்டதும் கதவைச் சாத்திப் பழகிய வாய்.

சுலக்ஷனாவும் கனடாவிலிருந்து தன்னிடம் இருந்ததையெல்லாம் தேடிப் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டாள்.

நேற்றுப் பின்னேரம்தான், அலுமாரியின் அடித்தட்டில், ஆறு வருடமாகத் திறக்காமல் வைத்திருந்த ஓர் அல்பத்தில் இது கிடைத்தது.

டொக்டர் தன் போனில் அதைப் படமெடுத்துப் பெரிதாக்கினார். மேல்வரிசை கடைவாய் வரைக்கும் தெரிந்தது. சாய்ந்த பல் நன்றாகவே எட்டிப் பார்த்தது. இவ்வளவு தெளிவான படத்தை இதுவரை யாரும் கொண்டுவரவில்லை என்று சொல்லி, உதவிக்கு நிற்கிற கீர்த்தனியையும் கூப்பிட்டுக் காட்டினார். பார்த்ததும் அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"நல்லாச் சிரிச்சிருக்கீங்க டீச்சர். அண்டைக்கு என்ன விசேஷம்?" என்று கீர்த்தனி கேட்டாள்.

மாகிரட் யோசித்தாள். பொய் சொல்ல அவளுக்கு ஒருநாளும் வராது.

"எல்லாரும் வந்திருந்தவை" என்றாள்.

வெளியே வந்து, ஓட்டோவுக்காக நிழலில் நிற்கும்போது படத்தை விரித்தாள்.

மேல்மடிப்பில் அவளுடைய கண்கள். இறுக மூடி, கன்னமெல்லாம் நனைந்து.

கீழ்மடிப்பில், அவளுடைய இரண்டு கைகளும் பற்றியிருந்த பெட்டியின் விளிம்பு. உள்ளே வெள்ளைத் துணிக்கு நடுவில், கலியாணக் கோட்டோடு, விரல்களில் செபமாலை சுற்றி, பேணாட்.

வரமுடியாமல் போன வெளிநாட்டுச் சொந்தங்கள் பார்க்கவென்று எடுத்த படம். அன்றைக்கு மட்டும் யாரும் அவளை வாயை மூடச் சொல்லவில்லை.