குனிந்து பார்த்த குழந்தை

"பூரணி இன்னா பண்றா பாரு!" என்று கத்தினாள் அமுதத்தின் நாத்தனார் கலியம்மாள்.

ஒன்றரை வயதுப் பூரணி வாசலில் குனிந்து, கால்களுக்கு இடையே பின்னால் பார்த்துச் சிரித்தாள்.

"புள்ள இப்டி பாத்தா வூட்டுக்கு அடுத்த புள்ள வரும். என் தம்பி சைகோனுக்குக் கப்பலேறி ரெண்டு வருஷம் ஆவுது. யாருதுடி?"

அமுதம் மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "வெளையாடற புள்ளய வச்சா என்னைக் கேக்கற?"

"அப்ப கோயில்ல கற்பூரம் அணைச்சு சத்தியம் பண்ணு. இல்லன்னா தாய் வூட்டுக்கு நட."

செலியமேடு ஊரே கோயிலில் கூடி நின்றது. எரிந்த கற்பூரத்தை அமுதம் உள்ளங்கையால் அடித்து அணைத்தாள். கை கொப்பளித்தது.

புண் ஆறுவதற்குள் அவள் புருஷன் சிவப்பிரகாசம் ஊர் திரும்பினான். வண்டியிலிருந்து இறங்கியவன் தோளில் ஒரு கைக்குழந்தை தூங்கியது.

"சைகோன்ல பொறந்தது. தாய் செத்துட்டா" என்று மட்டும் சொன்னான்.

கலியம்மாள் ஓடிப்போய்க் குழந்தையை வாங்கினாள். "நான் சொல்லல? பூரணி குனிஞ்சா பொய்யாவுமா! இந்தா அமுதம், தூக்கிக்க."

அமுதம் புண் கையை விரித்துக் காட்டினாள்.

"அன்னிக்கி என்னைக் கேட்டியே அண்ணி, யாருதுன்னு. அதை இப்ப உன் தம்பியக் கேளு. கற்பூரம் நான் ஏத்தறேன்."