ஹேமாவதியின் எச்சில்

பொண்ணு பல்லே விளக்குவதில்லை என்று பொன்னேரி பல் டாக்டர் சொன்னதும், பச்சைமுத்துவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

டாக்டர் எப்சிபா அப்படிச் சொல்லவில்லைதான். ஹேமாவதி போன வாரம் கொண்டுவந்து கொடுத்த எச்சிலில் ஈறு வீக்கம் ஏகத்துக்குக் காட்டுகிறது, இப்படியே போனால் பல் ஆடி விழும், பல்லுக்குப் போட்ட கம்பியைக் கழற்ற வேண்டியதுதான் என்றார். பச்சைமுத்து அதை அப்படி எடுத்துக்கொண்டார்.

"வாயைப் பார்த்தா ஈறு நல்லாத்தான் இருக்கு," என்றார் டாக்டர் குழப்பத்தோடு. "ஆனா கண்ணுக்குத் தெரியறதுக்கு முன்னாடியே எச்சில்ல தெரிஞ்சிடும். அதுக்குத்தான் இந்த டெஸ்ட்டே."

சும்மா விடுவாரா மனுஷர்? காலேஜ் படிக்கிற கழுதைக்குப் பல் விளக்கிவிட ஆள் வைக்கணுமா என்று ஆரம்பித்தார். கம்பி போட்ட வாயில் கருவாடு கடிக்காதே என்று தலைதலையாக அடித்துக்கொண்டதைச் சொன்னார். வெளியே காத்திருந்தவர்களும் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

ஹேமாவதி பல் பார்க்கும் சாய்வு நாற்காலியில் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தாள்.

பச்சைமுத்துவுக்குக் கோபம் பாதி, வயிற்றெரிச்சல் மீதி. சின்ன வயசிலிருந்து வாயைப் பொத்திக்கொண்டே சிரித்த பொண்ணு. கம்பி போட்ட பிறகுதான் கையை எடுத்திருக்கிறாள். இப்போது அதுவும் போச்சா?

பச்சைமுத்துவின் வாயும் ஒன்றும் யோக்கியமில்லை. மாசக்கணக்காக ஈறில் ரத்தம். இடது பக்கம் நண்டு கடித்தே நாளாச்சு. டாக்டரிடம் காட்டச் சொல்லி ஹேமாவதி கெஞ்சினால், பழவேற்காட்டு ஏரி இன்னா பல்லைப் பார்த்தா மீன் குடுக்குது என்று கேட்பார்.

"கண்ணுதான்," என்றார் கடைசியில், குரல் இறங்கி. "போன வெள்ளிக்கிழமை எறா வாரிக்கினு வந்தேனே, ஊரே பார்த்துச்சு."

அன்றைக்குக் காலையில் கரையேறி வந்தவர் வாய்கூடக் கொப்பளிக்கவில்லை, ஹேமாவதி உப்பும் மிளகாயுமாக நின்றாள். சாயங்காலம் சுத்தலாமே என்றதற்கு, சுடச்சுடச் சுத்தினால்தான் கண்ணு கழியும் என்றாள். சுத்தி முடித்து, துப்புவதற்கு ஒரு சின்ன மூடி போட்ட டப்பாவை நீட்டினாள். காஸ் அடுப்பில் உப்பைப் போட முடியாது, எல்லாத்தையும் சேர்த்து ஏரியில் கொட்டிடறேன் என்றாள். படிச்ச பொண்ணு, திருஷ்டியைக்கூடச் சுத்தபத்தமாகக் கழிக்கிறது என்று பச்சைமுத்துவுக்கு ஒரே பெருமை. அந்தப் பெருமையில் கொஞ்சம் தாராளமாகவே துப்பினார்.

"எனக்குச் சுத்துன, உனக்குச் சுத்திக்கலையேம்மா," என்று இப்போது கண் கலங்கினார்.

பிறகு டாக்டர் பக்கம் திரும்பினார். "ஊசி போடுங்க, கீறுங்க, இன்னா வேணா பண்ணுங்கம்மா. அழுதாலும் விடாதீங்க, நான் பிடிச்சுக்கிறேன். பல்லு மட்டும் போகக்கூடாது."

"இன்னைக்கேவா நைனா?" என்றாள் ஹேமாவதி.

"இன்னைக்கே. இப்பவே."

அவள் அந்தச் சாய்வு நாற்காலியை விட்டு எழுந்தாள். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

"அப்போ வந்து உக்காரு நைனா. வெள்ளிக்கிழமை நீ துப்புன டப்பாதான் அது."