எல்லோருக்கும் ஒரே பதில்

நர்ஸ் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டாள்.

மைக்கை வாய்க்கு நேராகத் திருப்பினாள்.

பேச்சுத் தேர்வு. ஆங்கிலத்தில், கம்ப்யூட்டரிடம். இதில் தேறினால்தான் வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் வேலை. போன தடவை நூலிழையில் கோட்டைவிட்டாள். இந்தத் தடவையும் விட்டால் அந்த இடத்தை வேறொருத்திக்குக் கொடுத்துவிடுவார்கள்.

அறை முழுக்க மேசைகள், நடுவில் தடுப்புப் பலகைகள். எல்லோரும் ஒரே நேரத்தில் பேச வேண்டும். சந்தைக்கடை தோற்றுப்போகும்.

திரையில் கேள்வி வந்தது. நீங்கள் திட்டமிட்டுச் செய்த ஒரு காரியத்தைப் பற்றிப் பேசவும்.

அப்பாடா என்றிருந்தது. கோச்சிங் சென்டரில் உருப்போட்ட பதில்தான். கணவனும் மனைவியும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வீடு கட்டிய கதை. கடைசியில் ‘எஃபர்ட்ஸ் கேம் டு ஃப்ரூயிஷன்’ என்று முடிக்க வேண்டும். பட்ட பாடு வீண்போகவில்லை, நினைத்தது கைகூடியது என்று அர்த்தம்.

“அந்த ஒரு வரியைப் போட்டுடுங்கம்மா, மார்க் தானா வந்து விழும்” என்று வாத்தியார் அடித்துச் சொல்லியிருந்தார்.

நர்ஸ் வாயைத் திறந்தாள்.

அதற்குள் வலப்பக்கத்துப் பலகையைத் தாண்டி அதே வீடு கேட்டது. அதே கணவன், அதே மனைவி. பின்வரிசையிலும் அதே வீடு. வாத்தியார் வகுப்பிலிருந்த அத்தனை பேருக்கும் ஒரே வீட்டைக் கட்டிக் கொடுத்திருந்தார்.

வலப்பக்கத்தில் இருந்தவள் ஒரு லேப் டெக்னீஷியன். வகுப்பில் வாயாடி என்று பேர் வாங்கியவள். புருஷன் புராணத்தை ஆரம்பித்தால் ஓயமாட்டாள். கடைசி வரியை உருகி உருகிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒப்பித்த பதிலுக்கு மதிப்பெண் கிடையாது என்று திரையில் முதலிலேயே எச்சரிக்கை போட்டிருந்தார்கள். அதெல்லாம் அடுத்தவர்களுக்கு என்று நர்ஸ் நினைத்திருந்தாள்.

இப்போது என்ன சொல்வது? பேசத் தொடங்காவிட்டால் மைக் தானாக மூடிக்கொள்ளும். வேறு கதை ஒன்றும் கைவசம் இல்லை.

யோசித்துப் பார்த்தால், அவள் வாழ்க்கையில் திட்டம் போட்டுச் செய்த காரியம் ஒன்றே ஒன்றுதான். அதை யாரிடமும் மூச்சு விட்டதில்லை. பெற்ற அம்மாவிடம்கூட.

அதைச் சொன்னாள்.

நான் போகப்போகிறேன். என் மகளும் வருவாள். என் கணவருக்குத் தெரியாது. நான் இப்போது டியூட்டியில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார். யூனிஃபார்ம் மூடுகிற இடமாகப் பார்த்துத்தான் அடிப்பார். மகளுக்குப் பாஸ்போர்ட் எடுத்துவிட்டேன். இந்தத் தேர்வு ஒன்றுதான் பாக்கி. என் திட்டம் இன்னும் கம் டு ஃப்ரூயிஷன் ஆகவில்லை.

இலக்கணம் காற்றில் பறந்தது. நேற்றும் நாளையும் இடம் மாறி விழுந்தன. ஆனால் ஒரு வார்த்தைக்குக்கூட அவள் திணறவில்லை. தமிழில் ஒருநாளும் வாய்க்கு வராதது அரைகுறை ஆங்கிலத்தில் மடமடவென்று கொட்டியது. மெஷினிடம்தானே சொல்கிறோம் என்ற தைரியம். சொல்லச் சொல்ல நெஞ்சு லேசானது.

மைக் மூடிக்கொண்டது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அறையில் சத்தமே இல்லை. அவள் தொடங்கத் தாமதித்ததில் மற்றவர்கள் எப்போதோ முடித்திருந்தார்கள். இவ்வளவு நேரம் அந்த அறையில் கேட்டது அவள் குரல் மட்டும்தான்.

வலப்பக்கத்துப் பலகைக்கு மேலே வாயாடியின் தலை தெரிந்தது. இவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாயாடியின் புருஷனும் இவள் புருஷனும் தினமும் ஒரே பஸ்ஸில் வேலைக்குப் போகிறவர்கள். சாயங்காலத்துக்குள் விஷயம் வீடு போய்ச் சேர்ந்துவிடும். காதும் காதும் வைத்தாற்போல் காப்பாற்றி வந்ததைத் தன் வாயாலேயே போட்டு உடைத்தாயிற்று. மார்க் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன. அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது, தன் மேலேயே.

லாக்கரில் இருந்த கைப்பையை எடுத்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் படியிறங்கினாள்.

பின்னால் செருப்புச் சத்தம் வேகமாக வந்தது. நர்ஸ் நடையை எட்டிப் போட்டாள். சத்தமும் எட்டிப் போட்டது. படி திரும்பும் இடத்தில் ஒரு கை அவள் முழங்கையைப் பிடித்தது.

வாயாடிதான். வழக்கமான சிரிப்பு முகத்தில் இல்லை. மேலேயும் கீழேயும் ஒருதரம் பார்த்துக்கொண்டாள். பிறகு காதோடு காதாகக் கேட்டாள்.

“அக்கா... அவர் கையெழுத்து இல்லாம பிள்ளைக்குப் பாஸ்போர்ட் எப்படிக்கா எடுத்தீங்க?”