நாற்பத்தோராம் நம்பர் கோழி

கதவு டமாலென்று சுவரில் மோதியது.

"சார், எல்லாம் செத்துப்போச்சு! ஒண்ணுகூட மிச்சமில்ல!" மூச்சிரைக்க வந்து நின்ற ஆய்வு மாணவிக்கு முகமெல்லாம் பல்.

பேராசிரியர் பதறி எழுந்ததில் நாற்காலி பின்னால் சாய்ந்தது. "எதும்மா செத்துப்போச்சு?"

"கிருமி சார்! நாப்பத்தோராம் நம்பர் கோழியில!"

அவளை முந்திக்கொண்டு அவர் ஆய்வகத்துக்குள் ஓடினார்.

மூன்று வருடமாகக் கடைக்கோழியை அரைத்து, கிருமிக்கொல்லி மருந்து கலந்த தட்டில் தடவி வைக்கிறார்கள். எந்த மருந்துக்கும் மசியாத கிருமிகள், விடிவதற்குள் ஒவ்வொரு தட்டிலும் புள்ளி புள்ளியாக முளைத்துவிடும். 'சுத்தமான கோழி ஒன்றாவது காட்டுங்கள், அதை வளர்த்த விதத்தைப் பார்ப்போம். இல்லையென்றால் இந்த மாதத்தோடு ஆய்வை மூடிவிடுவோம்' என்று மேலதிகாரி கெடு வைத்திருந்தார். மூடினால் அவளுடைய முனைவர் பட்டமும் போச்சு.

41 என்று எழுதிய தட்டு துடைத்துவிட்டாற்போல் கிடந்தது.

"ரெண்டு தடவை பாத்துட்டேன் சார்."

"இரு, நானும் பாக்குறேன்." பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். பிறகு தன் ஐம்பத்தெட்டு வயதை மறந்து, வெள்ளைக் கோட்டோடு ஒரு குதி குதித்தார்.

"அரைக்கும்போதே நினைச்சேன் சார். மத்த கோழியெல்லாம் மிக்ஸியோட மல்லுக்கட்டும். இது வெண்ணெய் மாதிரி அரைபட்டுச்சு!"

"ஊசி மருந்து இல்லாம பிள்ளை மாதிரி வளர்த்திருக்காங்கம்மா, அதான்!" அதற்குள் அவர் மேல்மாடியிலிருந்த அதிகாரிக்கு போன் போட்டுவிட்டார். "சார், கிடைச்சிருச்சு! ஆமா, சத்தியமா! வாங்க, வாங்க!"

போனை வைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார். "இறங்கி வர்றாரு. வளர்த்தவங்களைப் பாத்து உடனே கைகுடுக்கணுமாம். எந்தக் கடைம்மா?"

"பை அண்ணனைத்தான் கேக்கணும்."

கடை கடையாக ஏறிக் கோழி வாங்கி வரும் உதவியாளருக்கு அங்கே அதுதான் பெயர். கூச்சல் கேட்டு அவரே வந்துவிட்டார்.

"அண்ணே, நாப்பத்தொண்ணு எந்தக் கடை? சொன்னா ஒரு பெட்டி ஸ்வீட் உங்களுக்கு!"

"என்ன பாப்பா, கிண்டலா? இந்தத் தடவை நான் போனதே நாப்பது கடைதானே?"

"விளையாடாதீங்கண்ணே! நேத்து ஃப்ரிட்ஜ்ல நாப்பத்தொரு பை இருந்துச்சு. ஒண்ணுல மட்டும் சீட்டு இல்ல. விழுந்திருக்கும்னு நான்தான் நம்பர் ஒட்டினேன்."

பேராசிரியர் குதிப்பதை நிறுத்தினார். "மேல்தட்டுல, ஓரமா இருந்த பையா?"

"ஆமா சார்! உங்களுக்கு எப்படித் தெரியும்?"

படியில் தடதடவென்று காலடிச் சத்தம். "எங்கய்யா அந்த மகராசன்?" என்று அதிகாரியின் குரல் அவருக்கு முன்னால் இறங்கி வந்தது.

பேராசிரியர் மாணவியின் காதோரம் குனிந்தார்.

"அது நான் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கொண்டுவந்தது. மசாலா போடாம எங்க வீட்டு குக்கர்ல நாலு விசில் வாங்கின கோழிம்மா!"