தையல் பெட்டியில் ஒரு சாவி

எழுதியதை முதலில் சமையற்காரம்மாவிடம் வாசித்துக் காட்டுவதுதான் அந்த எழுத்தாளரின் வழக்கம். நாவலின் கடைசி அத்தியாயத்தையும் அடுக்களையில் நின்றே வாசித்தார். வெங்காயம் உரித்தபடி அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கதையில் கறுப்பின அடிமைப் பெண் ஒருத்தி, எசமானி தையல் பெட்டியில் ஒளித்திருந்த சாவியை இருபதாம் வருஷம் தற்செயலாகக் கண்டெடுக்கிறாள். எசமானி பூட்டிவைத்த தன் விடுதலைப் பத்திரத்தோடு மகளைத் தேடி ஓடுகிறாள்.

“எப்படி இருக்கு?”

“அழுகையே வந்திருச்சும்மா. பாதி வெங்காயத்தால.”

எழுத்தாளர் சிரித்தார். “குறை இருந்தா சொல்லு.”

“ஒண்ணுதான் இடிக்குது. பெருக்கித் துடைக்கிறவளுக்குச் சாவி இருக்கிற இடம் முதல் வருஷமே தெரிஞ்சிருக்குமே.”

“தெரிஞ்சா அப்பவே ஓடியிருப்பாளே?”

“எசமானி தானா எடுத்துக் குடுப்பாங்கன்னு காத்திருந்திருப்பா. நல்லவங்கன்னு நெனச்சிருப்பா.”

எழுத்தாளர் தன் அறைக்குப் போனார். தன்னுடைய தையல் பெட்டியிலிருந்து சாவியை எடுத்து, வருஷக்கணக்கில் தொடாத அலமாரியைத் திறந்தார்.

‘எங்கிட்டப் பத்திரமா இருக்கட்டும்’ என்று சொல்லி, கடல் கடந்து வேலைக்கு வந்த அன்றே வாங்கிவைத்த சமையற்காரம்மாவின் பாஸ்போர்ட் உள்ளே இருந்தது. அது காலாவதியாகி நாலு வருஷம் ஆகியிருந்தது.

அதன் மேல் ஒரு பொட்டுத் தூசி இல்லை.